காரை இறுகும் காலம்

தங்கவயலை அடுத்துள்ள பூதிகோட்டையை ஹைதர் அலி பிறந்த ஊரென நாம் அறிவோம். பூதி என்றால் சாம்பல். ஆகவே இது சாம்பற்கோட்டை. கட்டடக் கலையின் வரலாற்றில் சாம்பலுக்கு உயர்ந்ததோர் இடமுண்டு. எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்போடு கலந்து உரோமர் கட்டிய துறைமுகச் சுவர்கள் கடல்நீரில் நின்றவாறே இறுகின. நம் நாட்டில், சுட்ட செங்கல்லை இடித்தெடுத்த சுர்க்கித் தூள் அதே பணியைச் செய்தது.

வெறுஞ் சுண்ணாம்புச் சாந்து காற்றிலுள்ள கரியமில வாயுவைச் சிறிது சிறிதாக ஏற்றே இறுகும். தடித்த சுவரின் உட்புறம் இறுகப் பல்லாண்டுகள் செல்லும். சுர்க்கி சேர்ந்தாலோ நீரினுள்ளும் இறுகும். 1895-இல் முடிவுற்ற முல்லைப் பெரியாறு அணையும், 1911-இல் தொடங்கிய கண்ணம்பாடி அணையும் இக்கலவையால் எழுந்தவையே. கண்ணம்பாடிக்கும் தங்கவயலுக்கும் நெருங்கிய உறவுண்டு. 1902 முதல் சிவசமுத்திரத்து மின்சாரம் சுரங்கங்களை இயக்கியது. கோடையில் காவிரி மெலிந்தால் மின்சாரமும் மெலியும். நீரோட்டத்தை ஆண்டு முழுதும் சீராக்குவது அவ்வணையின் நோக்கங்களுள் ஒன்று. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து சுரங்கத்தில் இறங்கிய நம் முன்னோரின் பிழைப்பு, எங்கோ தொலைவில் மெல்ல இறுகிய காரையையும் சார்ந்திருந்தது.

பின்னர் சிமென்ட் வந்தது. காத்திருக்கும் காலம் குறுகியதேயன்றி ஒழிந்துவிடவில்லை. கான்கிரீட் உலர்வதால் இறுகுவதன்று. சிமென்ட் நீரோடு கூடுவதால் இறுகுவது. ஈரம் வற்றினால் வலிமையின் வளர்ச்சியும் நின்றுவிடும். அஸ்திவாரம் மறுநாளே கல்லெனத் தோன்றினும், ஏழாம் நாளில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு வலிமையே பெற்றிருக்கும். அதன் வலிமையை அளந்தறியும் நாள் 28-ஆம் நாள். சாதாரண சிமென்டாயின் குறைந்தது 7 நாளும், வெயிலும் வறட்சியும் மிக்க இடத்தில் 10 நாளும் ஈரம் காக்க வேண்டுமென்பது இந்திய நியமம். இன்று அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த சிமென்ட் பெருகியுள்ளது. அது இன்னும் மெதுவாக இறுகுவதால், வறண்ட இடங்களில் 14 நாள் நலம்.

கோலார் சீமை நீர் அருகிய நிலம். விலைகொடுத்து வாங்கிய தண்ணீரை மண்ணில் ஊற்றுவதா என்று மனம் தயங்குவது இயல்பே. ஆயினும் நனைத்த கோணிச் சாக்கால் மூடி வைத்தால், சிறிது நீரே நெடுநேரம் நிற்கும். 2001-இல் சுரங்கங்கள் மூடப்பட்ட பின்னும் இம்மண்ணிலேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் பல. ஆயுட்காலச் சேமிப்பைக் கொட்டிச் சொந்த வீடு எழுப்புவோர், முதல் இரு வாரங்களில் சில குடம் நீருக்குக் கணக்குப் பார்த்தால், அக்குறையைப் பின்னர் எவ்வளவு பணத்தாலும் ஈடுசெய்ய இயலாது.