நெம்புகோல் துப்பாக்கி திரும்பி வந்த கதை

நெம்புகோல் பாடம் நடத்தும்போது கடப்பாரை, பாக்குவெட்டி, ஏற்றம் என்று உதாரணம் சொல்வது எங்களைப் போன்ற பௌதிக ஆசிரியர்களின் வழக்கம். ஒருமுறை அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தபோது பின்வரிசை மாணவர் ஒருவர் எழுந்து, "டெக்ஸ் வில்லர் கையில் இருக்கும் வின்செஸ்டரும் நெம்புகோல்தானே, சார்?" என்றார். வகுப்பு சிரித்தது. லயன் காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்கள் பலருக்கும் அந்தத் துப்பாக்கி தெரியும். கேள்வி சரியானது. அதற்கான பதில்தான் இந்தக் கட்டுரை. நூறு ஆண்டுகளுக்கு முன்பே காலம் முடிந்துவிட்டதாகக் கருதப்பட்ட இந்தக் கருவி, அண்மை ஆண்டுகளில் அமெரிக்காவில் மீண்டும் விரும்பி வாங்கப்படுகிறது. அதற்குக் காரணம் என்ன என்பதையும் சேர்த்தே பார்ப்போம்.

முதலில் அது வேலை செய்யும் விதத்தைக் கவனியுங்கள். துப்பாக்கியின் விசையைச் சுற்றி ஒரு வளையம் இருக்கும். கைவிரல்கள் அதற்குள் நுழைந்திருக்கும். வளையத்தைக் கீழ்நோக்கித் தள்ளினால் பூட்டு பின்னுக்கு நகர்கிறது. சுட்டு முடிந்த வெற்றுத் தோட்டாக்கூடு வெளியே தெறிக்கிறது. சுத்தியல் பின்வளைந்து ஆயத்தமாகிறது. புதிய தோட்டா ஒன்று உயர்கிறது. வளையத்தை மேலே இழுத்தால் அத்தோட்டா குழலுக்குள் தள்ளப்பட்டுப் பூட்டு மூடிக்கொள்கிறது. இத்தனையும் ஒரு வினாடிக்குள்! தோட்டாக்கள் குழலுக்கு அடியில் உள்ள மற்றொரு நீண்ட குழாயில், ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். இந்தக் குழாயை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நமது கதையின் வில்லன் அதுதான்.

இக்கருவியின் முன்னோடிகள் 1840-களின் இறுதியிலேயே தோன்றின. ஹொரேஸ் ஸ்மித், டேனியல் வெஸ்ஸன் என்ற இருவர் 1854-ல் கூட்டுச் சேர்ந்து அவற்றைச் செப்பனிட முயன்றனர். அந்தத் தொழில் விரைவில் ஆலிவர் வின்செஸ்டர் கைக்குப் போயிற்று. அவர் துப்பாக்கி நிபுணர் அல்லர். சட்டை தைத்து விற்ற வியாபாரி! அவரிடம் வேலை பார்த்த பெஞ்சமின் டைலர் ஹென்றி 1860-ல் காப்புரிமை பெற்ற ரைபிளில் 16 தோட்டாக்கள் அடங்கின. அக்காலப் போர்வீரன் ஒருவன், குழல் வாயில் மருந்தும் குண்டும் இடித்து நிரப்பி, நிமிடத்திற்கு மூன்று முறை சுட்டாலே கெட்டிக்காரன் எனப்பட்டான். ஆயினும் உள்நாட்டுப் போரின்போது அமெரிக்க ராணுவம் வாங்கிய ஹென்றி ரைபிள்கள் இரண்டாயிரத்தைக்கூட எட்டவில்லை. வீரர்கள் தோட்டாவை வீணடிப்பார்கள் என்பது ஆயுதத் துறைத் தலைவர் ரிப்ளியின் கவலை. சிக்கனம் எங்கெங்கோ தலைகாட்டுகிறது!

ஹென்றி ரைபிளின் பூட்டில் ஓர் அழகான இயக்கவியல் ஒளிந்திருக்கிறது. இரண்டு இணைப்புத் தண்டுகள் முழங்கால்போல் மூட்டப்பட்டிருக்கும். காலை மடக்கினால் பூட்டு திறக்கும். நேராக நீட்டினால் மூடும். நீட்டிய காலோடு நிற்பவர் பெரிய சுமையையும் தாங்குவார். முழங்கால் சற்றே மடங்கினால் தாங்கமாட்டார். வெடிப்பின் அழுத்தத்தைத் தண்டுகள் தம் நீளவாட்டில் ஏற்றுக்கொள்வதும் இப்படித்தான். பின்னாளில் ஹிராம் மாக்சிம் இந்த வின்செஸ்டர் பூட்டையே எடுத்து, கைக்குப் பதிலாகத் துப்பாக்கியின் பின்னுதைப்பு அதை இயக்கும்படி செய்து பார்த்தார். அந்த வழியில்தான் இயந்திரத் துப்பாக்கி பிறந்தது. ஆனால் மெல்லிய தண்டுகளும் சிறிய ஆணிகளும் ஓரளவுக்கு மேல் தாங்கா. எனவே தோட்டாவும் வலுக்குறைந்ததாகவே இருக்க வேண்டியிருந்தது. ஹென்றியின் குண்டு சுமார் 14 கிராம். வேகம் வினாடிக்கு சுமார் 340 மீட்டர். இயக்க ஆற்றலை நீங்களே கணக்கிடலாம். சுமார் 800 ஜூல் வரும்.

1866-ல் பக்கவாட்டில் தோட்டா நிரப்பும் வாயிலும், 1873-ல் புதிய மாதிரியும் வந்தன. அந்த 1873 மாதிரியைத்தான் பிற்காலத்தில் 'மேற்கை வென்ற துப்பாக்கி' என்று விளம்பரம் செய்தார்கள். அது விற்பனைக்காரர் வாக்கு. வெல்லப்பட்ட மக்கள் அந்த நிலத்தில் ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருந்தவர்கள் என்பது அதில் இல்லை. அவர்களும் இதே துப்பாக்கியை ஏந்தினார்கள் என்பதும் இல்லை. 1876 ஜூன் 25 அன்று மான்டானாவில் லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில் கஸ்டரின் படைப்பிரிவை லகோட்டா, செயென் மக்கள் அழித்தனர். 1983-ல் அங்கு மூண்ட காட்டுத்தீ புல்லை எரித்துவிட, அடுத்த ஆண்டு தொல்லியலாளர்கள் அந்த நிலத்தைச் சல்லடையிட்டனர். ஹென்றி, வின்செஸ்டர் ரைபிள்களின் கூடுகள் ஏராளமாகக் கிடைத்தன. ஒவ்வொரு துப்பாக்கியின் சுத்தியலும் கூட்டின்மேல் தனித்த தழும்பை விடும். அதைக் கொண்டு எந்தத் துப்பாக்கி எங்கெங்கே நகர்ந்தது என்றுகூடக் கண்டார்கள். ராணுவத்தினர் கையில் இருந்ததோ ஒருமுறைக்கு ஒரு தோட்டா போடும் ஸ்பிரிங்ஃபீல்டு. அது அதிகத் தூரம் பாயும். ஆனால் எதிரி நெருங்கிவிட்ட பின்பு தூரத்தால் பயன் என்ன?

மூட்டின் பலவீனத்தை ஜான் மோசஸ் பிரௌனிங் தீர்த்தார். கனமான உருக்குக் கட்டைகள் செங்குத்தாக ஏறிப் பூட்டைத் தாழிடும்படி அவர் அமைத்தார். 1894-ஆம் ஆண்டு மாதிரி அவருடையதே. அடுத்த ஆண்டு புகையில்லா வெடிமருந்துத் தோட்டா அதற்கு வந்தது. அதன் இன்றைய வடிவில் 11 கிராம் குண்டு வினாடிக்கு சுமார் 670 மீட்டர் வேகத்தில் பாய்கிறது. ஆற்றல் ஹென்றியைப்போல் மூன்று மடங்கு. எழுபது லட்சத்துக்கு மேல் விற்ற மாதிரி அது.

இனி வில்லனுக்கு வருவோம். நூற்றாண்டுத் திருப்பத்தில் ஐரோப்பியப் படைகள் கூர்முனைக் குண்டுக்கு மாறத் தொடங்கின. கூர்முனை காற்றைக் கிழித்துச் செல்லும்; மழுங்கல் முனை காற்றோடு மோதி வேகம் இழக்கும். நெம்புகோல் ரைபிளுக்கும் கூர்முனை போட்டுவிட்டால் என்ன? போட முடியாது. குழாயில் ஒரு தோட்டாவின் முனை, முன்னால் உள்ள தோட்டாவின் அடிப்பாகத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. அந்த அடிப்பாகத்தின் நடுவில்தான் குத்தினால் தீப்பற்றும் பிரைமர் இருக்கிறது. சுட்டவுடன் துப்பாக்கி பின்னால் உதைக்கிறது. பேருந்து திடீரென்று புறப்படும்போது நிற்பவர்கள் பின்னால் சாய்வதில்லையா? அதே நிலைமத்தால் குழாயில் உள்ள தோட்டாக்கள் இருந்த இடத்திலேயே இருக்க முயல்கின்றன, சுருள்வில்லை அமுக்குகின்றன, வில் அவற்றைத் திரும்பத் தள்ளுகிறது. அந்த மோதலில் உலோகக் கூர்முனை சுத்தியலின் வேலையைச் செய்துவிட்டால், சுடுபவரின் இடக்கைக்கு அருகிலேயே குழாய் வெடிக்கும். ஆகவே முனை மழுங்கலாகவே இருந்தாக வேண்டும். குழாயைக் கைவிட்டுப் பெட்டி வைத்த 1895 மாதிரியும் உண்டு. முதல் உலகப் போரில் ரஷ்யா லட்சக்கணக்கில் அதை வாங்கியது. ஆனால் அதற்குள் மௌசர் வகைத் தாழ்ப்பாள் ரைபிள் வென்றுவிட்டது. தரையில் படுத்துச் சுடுபவனுக்கு வளையத்தைக் கீழே தள்ள இடமும் இல்லை.

அதன்பின் அது மான் வேட்டைக்காரரின் கருவியாக மட்டும் நின்றது. 2006-ல் நியூ ஹேவன் ஆலை மூடப்பட்டு, 1894 மாதிரி அங்கே நின்றுபோனது. கதை முடிந்தது என்றே தோன்றியது.

வேடிக்கை என்னவெனில், ஏறக்குறைய அதே சமயத்தில்தான் ஹார்னடி நிறுவனம் குண்டின் நுனியில் ரப்பர்போல் வளையும் பாலிமர் முனையைப் பொருத்தி விற்கத் தொடங்கியது. முனை கூர்மையானது, ஆனால் அழுத்தினால் நசுங்கும், பிரைமரைக் குத்தாது. நூறாண்டுத் தடை ஒரு துளி பிளாஸ்டிக்கால் தளர்ந்தது.

மறுமலர்ச்சிக்கு இது மட்டுமே காரணம் எனச் சொன்னால் பௌதிக ஆசிரியரின் தற்பெருமை ஆகிவிடும். பழைய கௌபாய் ஆடை அணிந்து சுடும் போட்டிகளுக்கென 1987-ல் ஒரு சங்கமே தோன்றியிருந்தது. எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் சட்டம் என்பது என் எண்ணம். பல மாநிலங்கள், கூட்டக் கொலைகளுக்குப் பின், தானே தோட்டா நிரப்பிக்கொள்ளும் ரைபிள்களில் பலவற்றைத் தடைசெய்தன. 2023-ல் இல்லினாய், வாஷிங்டன் மாநிலங்களும் சேர்ந்தன. நெம்புகோல் ரைபிளில் ஒவ்வொரு தோட்டாவுக்கும் கை அசைய வேண்டும். எனவே அது அந்த வரையறைக்குள் வருவதில்லை. அதற்காக அதைச் சாது என்று எண்ணிவிடாதீர்கள். 1996-ல் போர்ட் ஆர்தர் படுகொலைக்குப் பின் கடும் சட்டம் இயற்றிய ஆஸ்திரேலியாவில், ஏழு தோட்டா கொள்ளும் நெம்புகோல் ஷாட்கன் ஒன்று 2015-ல் இறக்குமதிக்கு வந்தபோது பெரும் சர்ச்சை எழுந்தது. ஐந்துக்கு மேல் கொள்ளும் அத்தகைய ஷாட்கன்களை மிகக் கடுமையான பிரிவில் சேர்க்க 2016 டிசம்பரில் முடிவு செய்தார்கள். வேகமாக அசையும் கைக்கும் தானியங்கு பொறிக்கும் இடையே கோடு எங்கே என்ற கேள்வி அங்கே நேரடியாகவே எழுந்தது.

அமெரிக்காவில் வியாபாரம் சூடு பிடித்தது. நொடித்துப்போன ரெமிங்டனிடமிருந்து மார்லின் பெயரை 2020-ல் ரூகர் வாங்கி, அடுத்த ஆண்டே ரைபிள்களை வெளியிட்டது. கறுப்புப் பிளாஸ்டிக் கட்டை, தொலைநோக்கி பொருத்தும் தண்டவாளம், ஒலி அடக்கி திருகும் மரை என்று வேடம் மாறியிருக்கிறது. உள்ளே அதே நெம்புகோல். 2024 ஜனவரியில் மற்றொரு நிறுவனமும் களத்தில் இறங்கியது. கைத்துப்பாக்கிக்குப் பேர்போன ஸ்மித் அண்டு வெஸ்ஸன்தான் அது. தன் புதிய நெம்புகோல் ரைபிளுக்கு அது வைத்த பெயர்: மாடல் 1854.