மதிலுக்கு அப்பால் ஒரு மருத்துவமனை

பொன்விழா என்றதும் கொடியேற்றம், தேர்ப்பவனி, கூட்டுத் திருப்பலி, சமபந்தி விருந்து ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. இவையெல்லாம் வேண்டியவைதாம். ஆயினும் பழைய ஏற்பாட்டில் ஐம்பதாம் ஆண்டு என்பது அடைபட்டவன் விடுதலை பெற்றுத் தன் குடும்பத்துக்குத் திரும்பும் ஆண்டாகும். ஆகவே, அடைபட்டோரை மனிதராக மீட்க முயன்ற ஒரு மலைக்கிராமத்தின் வரலாற்றை இம்மலரில் எழுத முன்வந்தோம்.

பிரான்சு நாட்டின் தென்பகுதியில் லோசேர் என்றொரு மாவட்டம் உண்டு. மலையும் குளிரும் வறுமையும் மிகுந்த இடம். அங்கே சேன் அல்பான் என்னும் கிராமத்தில் பழைய கோட்டை ஒன்று இருந்தது. 1821-இல் சகோதரர் இலாரியோன் திஸ்ஸோ என்பவர் அதை வாங்கி, மனநோயாளருக்குப் புகலிடமாக்கினார். அவர் புனித இறை யோவானின் வழியைப் பின்பற்றியவர். பைத்தியக்காரன் என்று கிரனாதா நகரில் அடைக்கப்பட்டுச் சாட்டையடி பட்டவரே அப்புனிதர். அந்த அடியின் வலியிலிருந்து பிறந்ததே நோயாளருக்கான அவரது தொண்டு.

தொடக்கம் இவ்வாறு இருந்தும், காலப்போக்கில் அந்த இல்லமும் மற்ற இல்லங்களைப் போலாகிவிட்டது. மாவட்டந்தோறும் மனநோயாளருக்கு ஏற்பாடு இருக்க வேண்டுமென 1838-இல் பிரெஞ்சு அரசு சட்டம் செய்தது. உயர்ந்த மதில்களும் பூட்டிய அறைகளும் எங்கும் பெருகின. உள்ளே போனவர் பெரும்பாலும் திரும்பவில்லை. உறவினரும் நாளடைவில் மறந்தனர்.

இந்த மறதி எத்தகைய கொடுமை என்பது இரண்டாம் உலகப் போரில் வெளிப்பட்டது. செருமானியர் பிரான்சைக் கைப்பற்றிய 1940-க்குப் பின் உணவு ரேஷன் முறையில் வழங்கப்பட்டது. அந்த அளவு யாருக்குமே போதாது. வெளியில் இருந்தவர்கள் தோட்டத்துக் காய்கறியாலும், கிராமத்து உறவினர் அனுப்பிய பொட்டலத்தாலும், கள்ளச்சந்தையாலும் உயிர் பிழைத்தனர். மதிலுக்குள் இருந்தவருக்கோ தோட்டமும் இல்லை, பொட்டலம் அனுப்ப ஆளும் இல்லை. 1942 டிசம்பரில் அரசு அவர்களுக்குக் கூடுதல் உணவு தர ஆணையிடுமுன் பல்லாயிரவர் மாண்டு போயினர். போர்க்காலத்தில் பிரெஞ்சு மனநல மருத்துவமனைகளில் பசியாலும் அதன் விளைவாலும் இறந்தோர் ஏறத்தாழ 45,000 பேர் என ஆய்வாளர் கணக்கிட்டுள்ளனர். அவர்களைக் கொன்றது பஞ்சம் மட்டுமன்று; மதிலும் கொன்றது.

அவ்வாறு மடிந்தவர்களுள் ஒருவர் கமீல் க்ளோதெல் என்னும் சிற்பி. கத்தோலிக்க உலகம் போற்றிய கவிஞர் பால் க்ளோதெல் அவருடைய உடன்பிறந்த தம்பி. 1913-இல் அடைக்கப்பட்ட கமீலை வீட்டுக்கு அழைத்துச் செல்லலாம் என்று மருத்துவர்களே எழுதியும் தாய் இசையவில்லை. தம்பி வந்து பார்த்ததும் ஒரு சில முறைதான். முப்பது ஆண்டு அடைபட்டிருந்து, ஒருகாலத்தில் பாப்பரசர்கள் வாழ்ந்த அவிஞோன் நகரின் அருகே, 1943 அக்டோபரில் அவர் இறந்தார். அவருடைய எலும்புகள் பொதுக்குழியில் சேர்ந்தன. பக்தியுள்ள குடும்பத்திலும் இது நடக்கும் என்பதை நாம் வெட்கத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டும்.

சேன் அல்பானிலோ மற்ற இடங்களைப் போலப் பட்டினிச் சாவு தாண்டவமாடவில்லை. காரணம் யாது? அப்போது அங்கே தலைமை மருத்துவராக இருந்தவர் பால் பால்வே என்னும் கத்தோலிக்கர். அவர் 1940 சனவரியில், அகதி முகாமில் கிடந்த பிரான்சுவா தொஸ்கெல் என்னும் கத்தலான் மருத்துவரை அழைத்து வந்தார். தொஸ்கெல் மார்க்சியவாதி. ஆயினும் கன்னியரும் அவரும் ஒரே வளாகத்தில் தோளோடு தோள் நின்று உழைத்தனர். நோயாளரைக் குணமாக்குமுன் மருத்துவமனையைக் குணமாக்க வேண்டும் என்பதே அவரது கொள்கை.

அவர்கள் கதவைத் திறந்தனர். நோயாளரும் பணியாளரும் அண்டைக் குடியானவரின் நிலத்தில் வேலை செய்து, உருளைக்கிழங்கும் வெண்ணெயும் கொண்டு வந்தனர். கம்பளி பின்னி உணவுக்கு மாற்றினர். தின்னத் தகுந்த காளான் எது, நஞ்சு எது என்று கற்பிக்கக் கண்காட்சி வைத்து, காட்டில் காளான் பொறுக்கினர். காசநோயாளருக்கு அரசு கூடுதல் ரேஷன் தந்தமையால், பசியால் உடல் வீங்கியவரைக் காசநோய்ப் பிரிவில் சேர்த்தனர். இது பொய்யன்றோ என்று குருமடத்தில் அறநெறி இயல் படித்த எவரும் கேட்பர். பசித்த தாவீது ஆலயத்துக் காணிக்கை அப்பத்தை உண்டதை நம் ஆண்டவரே எடுத்துக்காட்டினார் என்பதே நம் விடை.

பால்வேக்குப் பின் வந்த லூசியான் பொன்னஃபே காலத்தில் விடுதலைப் போராளிகளும் அங்கே மறைந்து வாழ்ந்தனர். கவிஞர் பால் எலுவார் 1943 நவம்பரில் மனைவியுடன் வந்து தங்கினார். இரயில் தண்டவாளத்தில் கல் வைத்ததற்காக 1914-இல் அடைக்கப்பட்ட ஒகுஸ்த் ஃபோரெஸ்தியே என்னும் நோயாளி, கழித்தெறிந்த மரத்துண்டுகளில் பொம்மைகள் செதுக்கினார். அவை இன்று கலைக்கூடங்களில் இருக்கின்றன. போருக்குப் பின் நோயாளரே சங்கம் அமைத்து, 1950 முதல் தங்கள் செய்தித்தாளையும் வெளியிட்டனர். பின்னாளில் அல்சீரியாவில் புகழ்பெற்ற ஃபிரான்சு ஃபனோன் 1952-53-இல் பயிற்சி பெற்றதும் அங்கேதான்.

இது தொலைநாட்டுக் கதையன்றோ என்பீர்கள். 2001 ஆகஸ்டு 6 அன்று நம் மாநிலத்து ஏர்வாடியில், தனியார் காப்பகக் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்தமையால் தப்ப இயலாமல் 28 மனநோயாளர் கருகி மாண்டனர். அந்தச் சங்கிலி ஒரு மதத்தாருக்கு மட்டும் உரியதன்று. நம் திருத்தலங்களிலும் அதை நாமே கண்டிருக்கிறோம். 2017-இல் இயற்றப்பட்ட மனநலச் சட்டம் சங்கிலியிடுவதை அறவே தடை செய்துள்ளது.

நம்முடைய குற்றத்தையும் மறைக்கலாகாது. குருப்பட்டம் பெற்ற புதிதில், தூக்கமின்றிப் பிதற்றிய ஓர் இளைஞனை அவன் தாய் நம்மிடம் அழைத்து வந்தார். நாம் செபித்துத் தீர்த்தம் தெளித்து அனுப்பினோம். மருத்துவரிடம் கூட்டிச் செல்லுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. செபம் தவறன்று, அதோடு நிறுத்தியதே தவறு.

நம் பங்கில் வீடு மந்திரிக்கச் செல்கையில், எல்லா அறைகளிலும் தீர்த்தம் தெளித்தபின், பூட்டிய பின்கட்டு அறை ஒன்று சில வீடுகளில் விடுபட்டுப் போகிறது. உள்ளே இருப்பவர் யாரென்று நாமும் கேட்பதில்லை, நீங்களும் சொல்வதில்லை. இந்தப் பொன்விழா ஆண்டில் அந்த அறையையும் திறந்து காட்டுங்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்ல நாமும் உடன் வருகிறோம். சமபந்தி விருந்தில் அவருக்கும் ஓர் இலை போடுவோம். அப்போதுதான் அது சமபந்தி.

இறையாசீர் உங்கள் அனைவரோடும் இருப்பதாக.

– பங்குத்தந்தை