அடுக்கின் அரசியல்

நூலக அடுக்கு ஏதோ வசதிக்காகன்னு நாம் நினைத்துக்கொள்கிறோம். அது ஒரு வாதம் என்கிறேன். ஹாம்பர்கில் ஆபி வார்பர்க் தன் கலை வரலாற்று நூலகத்தில் ஓவிய நூல்களுக்குப் பக்கத்திலேயே சோதிடத்தையும் மாந்திரிகத்தையும் வைத்தார். தேடிவந்த நூலைவிட அண்டை நூலே விடை தரக்கூடும் என்பது அவர் கணக்கு. 1929இல் அவர் இறந்தார். நாஜிகள் ஆட்சியைப் பிடித்த 1933இன் டிசம்பரில் சுமார் 60,000 நூல்கள் இரண்டு சிறு கப்பல்களில் லண்டன் போயின. அடுக்கின் தர்க்கம் எந்தப் பெட்டியிலும் அடங்காது. அதை மனசில் சுமந்துபோனவர்கள் ஃபிரிட்ஸ் சாக்ஸ்லும் 1922இலேயே நூலகராகச் சேர்ந்த கெர்ட்ரூட் பிங்கும். வார்பர்கின் எழுத்துகளை 1932இல் பதிப்பித்தவரும் பிங்தான். நிறுவனத்தின் பெயரோ வார்பர்க். அடுக்கினவங்க யாருன்னு கேட்காத கலை வரலாறு, மேதைகளின் வரலாறாகவே நின்றுபோகும்.