மனச்சிதைவு நோய்: காதில் குரல் கேட்பது ஏன்? மாத்திரையை நிறுத்தினால் என்ன ஆகும்?

"பக்கத்து வீட்டுல என்னைப் பத்தியே பேசறாங்க", "சாப்பாட்டுல ஏதோ கலந்துட்டாங்க"... நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளை திடீரென இப்படிச் சொன்னால், பல குடும்பங்கள் முதலில் தேடுவது மருத்துவரை அல்ல, மந்திரிப்பவரைத்தான். ஆனால் இது பேயும் இல்லை, செய்வினையும் இல்லை. 'ஸ்கிசோஃப்ரினியா' எனப்படும் மனச்சிதைவு நோயாக இருக்கலாம்.

உலகில் சுமார் 300 பேரில் ஒருவருக்கு இந்த நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. பெரும்பாலும் பதின்ம வயதின் இறுதியிலோ, இருபதுகளிலோ தொடங்குகிறது.

அறிகுறிகள் என்ன?

* யாரும் பேசாதபோதும் குரல் கேட்பது
* ஆதாரமே இல்லாத சந்தேகம். எவ்வளவு விளக்கினாலும் மாறாது
* கோர்வை இல்லாத பேச்சு
* குளிப்பது, சாப்பிடுவது, பேசுவது என எதிலும் ஆர்வமின்றி ஒதுங்குவது

கடைசி அறிகுறியைத்தான் பலர் 'சோம்பேறித்தனம்' என்று திட்டிவிடுகிறார்கள். அதுவும் நோயின் ஒரு பகுதிதான்.

மூளையில் என்ன நடக்கிறது?

மூளை செல்களுக்கு இடையே செய்தி கொண்டு செல்லும் வேதிப்பொருள்களில் ஒன்று டோபமைன். எது முக்கியம், எதைக் கவனிக்க வேண்டும் என மூளைக்கு உணர்த்துவதில் அதற்குப் பங்கு உண்டு. மூளையின் சில பகுதிகளில் அதன் செயல்பாடு அதிகமாகும்போது, தெருவில் ஒருவர் சாதாரணமாகத் திரும்பிப் பார்ப்பதுகூட "என்னைத்தான் வேவு பார்க்கிறார்" என்று தோன்றும்.

பரம்பரை நோயா?

மரபணுவுக்குப் பெரிய பங்கு உண்டு. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு சுமார் 10 சதவீதம். அதாவது, பெரும்பாலான பிள்ளைகளுக்கு வருவதில்லை. ஒரே கரு இரட்டையரில் ஒருவருக்கு இருந்தாலும் மற்றவருக்குக் கட்டாயம் வரும் என்றில்லை. பிரசவ காலச் சிக்கல்கள், இளவயது கஞ்சா பழக்கம் போன்றவையும் ஆபத்தைக் கூட்டுகின்றன. "வளர்ப்பு சரியில்லை" என்று பெற்றோரைக் குறை சொல்வது தவறு.

சிகிச்சை என்ன?

1952-ல் குளோர்ப்ரோமசின் மருந்து பயன்பாட்டுக்கு வந்தது பெரிய திருப்பம். இன்று ரிஸ்பெரிடோன், ஓலன்சபின் எனப் பல மருந்துகள் உள்ளன. இவை டோபமைனின் தாக்கத்தைக் கட்டுப்படுத்துகின்றன. முழுப் பலன் தெரிய சில வாரங்கள் ஆகும். மற்ற மருந்துகள் கைகொடுக்காதபோது, தொடர் ரத்தப் பரிசோதனையுடன் குளோசபின் தரப்படும்.

குரல்கள் அடங்கியதும் "அதான் சரியாயிடுச்சே" என்று மாத்திரையை நிறுத்துவதுதான் பலர் செய்யும் தவறு. நோய் திரும்ப இதுவே முக்கியக் காரணம். உடல் எடை கூடுதல், தூக்கம், கை நடுக்கம் போன்ற பக்கவிளைவுகள் இருந்தால், தானாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லி மருந்தையோ அளவையோ மாற்றிக்கொள்ளலாம். தினமும் மாத்திரை போட முடியாதவர்களுக்கு மாதம் ஒருமுறை போடும் ஊசியும் உண்டு. குடும்ப ஆலோசனையும் வேலைப் பயிற்சியும் சேர்ந்தால் பலர் படிப்புக்கும் வேலைக்கும் திரும்புகிறார்கள்.

சங்கிலி தீர்வல்ல

2001 ஆகஸ்ட் 6. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகள் தங்கியிருந்த காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் தப்பி ஓட முடியாமல் 28 பேர் உயிரிழந்தனர். மனநோயாளிகளைச் சங்கிலியால் கட்டுவதை 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்துள்ளது.

சிகிச்சை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ, மீண்டு வரும் வாய்ப்பும் அவ்வளவு அதிகம். உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த அறிகுறிகள் தெரிந்தால் தாமதிக்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். 'டெலி மானஸ்' இலவச உதவி எண் 14416-ஐ எந்த நேரமும் அழைக்கலாம்.