கரித்துண்டும் ஒரு தகப்பனாரின் கண்ணீரும்

புயல் நேரத்தில் வானொலியில் ‘ஹெக்டோபாஸ்கல்’ என்று காற்றழுத்தம் சொல்வார்கள், கேட்டிருப்பீர்கள். அந்த அளவுக்குப் பெயர் கொடுத்தவர் பிளேஸ் பாஸ்கல். நம் புதுச்சேரியில் பிரெஞ்சு பென்ஷன் வாங்கிய பெரியவர்கள் பழைய 500 பிராங்கு நோட்டில் அவர் முகத்தைப் பார்த்திருப்பார்கள். பிரெஞ்சுப் பள்ளியில் எங்கள் முசியே அவரைப் பற்றி நிறையச் சொன்னார். ஆனால் பாஸ்கல் ஒருநாள்கூடப் பள்ளிக்கூடம் போனவரில்லை என்பது மட்டும் அப்போது என் காதில் ஏறவே இல்லை.

இப்போது அது நினைவுக்கு வரக் காரணம் என் பேத்தி. ஒன்பது வயது. என் மகனும் மருமகளும் அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்தி, வீட்டிலேயே படிக்க வைக்கிறார்கள். “அவளுக்கு எதில் இஷ்டமோ அதிலிருந்து ஆரம்பிக்கட்டும் அப்பா” என்றான் மகன். முப்பத்தைந்து வருஷம் அரசாங்கக் கோப்பு புரட்டியவன் நான். பதிவேடும் தேதியும் கையெழுத்தும் இல்லாத ஒரு காரியத்தை நம்புவது எனக்கு லேசில் வராது. இரண்டு மாதம் மகனோடு சரியாகப் பேசவில்லை.

பாஸ்கல் 1623-இல் கிளெர்மோன் நகரில் பிறந்தார். மூன்று வயதில் தாயார் காலமானார். தகப்பனார் எத்தியென் பாஸ்கல் வரி வழக்குகளை விசாரிக்கும் நீதிமன்றத்தில் பெரிய அதிகாரி, கணிதத்திலும் தேர்ந்தவர். ஒரு வளைகோட்டுக்கு இன்றும் அவர் பெயர்தான். அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. 1631-இல் மகனையும் இரண்டு மகள்களையும் கூட்டிக்கொண்டு பாரீசுக்குக் குடிபோனார். மகனுக்கு வேறு வாத்தியார் வைக்கவில்லை. தாமே சொல்லிக் கொடுத்தார்.

அவருடைய முறை அந்தக் காலத்துக்குப் புதுமை. பாடம் பிள்ளையை அமுக்கக் கூடாது, பிள்ளை எப்போதும் பாடத்துக்கு ஒரு படி மேலே நிற்க வேண்டும் என்பது அவர் கட்சி. அதனால் பன்னிரண்டு வயது வரை லத்தீன் கிடையாது. அதுவரை மொழி என்றால் என்ன, இலக்கண விதிகள் எப்படி வந்தன என்று பொதுவாகப் பேசிக்கொண்டிருப்பார். பையனும் எதையும் காரணம் கேட்காமல் விடமாட்டான். ஒருநாள் சாப்பாட்டு மேசையில் பீங்கான் தட்டில் கத்தி பட்டு ஓசை எழுந்தது. கையை வைத்ததும் நின்றது. ஏன் என்று ஆராய்ந்து பதினோரு வயதில் ஒலியைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதிவிட்டானாம். இதையெல்லாம் எழுதி வைத்தவர் அக்கா ஜில்பெர்த்.

இவ்வளவு தாராளமான தகப்பனாருக்கும் ஒரு பயம் இருந்தது. கணிதத்தின் ருசி தெரிந்துவிட்டால் பையன் மொழிப் பாடத்தைக் கைவிட்டுவிடுவான் என்ற பயம். கணிதப் புத்தகங்களை எல்லாம் பூட்டி வைத்தார். “ஜியோமிதி என்றால் என்ன?” என்று பையன் கேட்டபோது, உருவங்களைச் சரியாக வரைந்து, ஒன்றுக்கொன்று உள்ள அளவுப் பொருத்தத்தைக் கண்டுபிடிக்கும் வித்தை என்று மட்டும் சொல்லி, இனி அதைப் பற்றிப் பேசவோ நினைக்கவோ கூடாது என்று தடை போட்டார்.

அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது. பன்னிரண்டு வயதுப் பையன் விளையாட்டு நேரத்தில் தனி அறையில் கரித்துண்டால் தரை ஓடுகளில் வட்டமும் முக்கோணமும் போட ஆரம்பித்தான். பெயர்கள்கூடத் தெரியாததால் வட்டத்தை ‘உருண்டை’ என்றும் கோட்டைக் ‘கம்பி’ என்றும் தானே பெயர் வைத்துக்கொண்டான். ஒருநாள் தகப்பனார் உள்ளே வந்தார். அவர் வந்ததையே அவன் கவனிக்கவில்லை. என்ன செய்கிறாய் என்று கேட்டார். யூக்ளிட் நூலின் முதல் புத்தகத்தில் 32-ஆவது தேற்றம், அதாவது முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சேர்ந்தால் இரண்டு செங்கோணம் என்பது, அவன் முன்னால் தரையில் கிடந்தது. இதை எப்படி யோசித்தாய் என்று கேட்கக் கேட்க, ஒவ்வொரு படியாகப் பின்னால் போய் ‘உருண்டை’, ‘கம்பி’ வரை விளக்கினான்.

தகப்பனார் ஒன்றும் பேசாமல் வெளியேறி நண்பர் லெ பையேர் வீட்டுக்குப் போய் நின்றார். கண்ணில் நீர். துக்கமோ என்று நண்பர் பதறினார். சந்தோஷத்தில் வந்த கண்ணீர் என்று சொல்லி நடந்ததை விவரித்தார். இனியும் அந்த அறிவை அடைத்து வைப்பது நியாயமில்லை என்றார் நண்பர். பூட்டு திறந்தது. யூக்ளிட் நூல் பையன் கைக்கு வந்தது, அதுவும் ஓய்வு நேரத்தில் படிக்க!

அக்கா பாசத்தில் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம், பையன் திருட்டுத்தனமாகப் புத்தகம் பார்த்திருக்கலாம் என்று சந்தேகப்படுவோரும் உண்டு. இருக்கட்டும். பூட்டிய புத்தகத்தைத் தேடிப் போய்ப் படித்தான் என்றாலும் ஆசை அவனுடையதுதானே.

பின்னால் தகப்பனாருக்கு ரூவான் நகரில் வரி நிர்வாக வேலை. இரவெல்லாம் கணக்கு. 12 தெனியே ஒரு சோல், 20 சோல் ஒரு லிவ்ர். நம் அணா, பை கணக்கு போட்டவர்களுக்கு அந்த வேதனை புரியும். அப்பா படும் பாட்டைப் பார்த்து 1642-இல், பத்தொன்பது வயதில், மகன் கணக்கு இயந்திரம் செய்ய இறங்கினார். பல்சக்கரம் சுழன்று தானே கூட்டும் ‘பாஸ்கலின்’ அப்படித்தான் பிறந்தது. நம்பிய தகப்பனாருக்கு மகன் செய்த கைம்மாறு என்றே எனக்குத் தோன்றுகிறது.

என் பேத்தி பாஸ்கல் அல்ல. வாய்ப்பாடு என்றாலே ஓடிவிடுவாள். கோலம் போடத்தான் பிடிக்கும். மார்கழியில் ஒருநாள் வாசலில் 1, 3, 5, 7 என்று புள்ளி வைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

“தாத்தா, நாலு வரிசை வைத்தால் பதினாறு புள்ளி. அஞ்சு வரிசை என்றால் இருபத்தஞ்சு. வரிசையை அதே எண்ணால் பெருக்கினால் போதும். எண்ணவே வேண்டாம்!”

ஏன் அப்படி என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். “ஆறு வரிசைக்கும் வருமா பார்” என்றேன். கோலமாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

இதே மகன் சிறுவயதில் ரேடியோவைப் பிரித்துப் போட்டபோது, பரீட்சை முடியட்டும் என்று ஸ்குரூடிரைவரைப் பீரோவில் வைத்துப் பூட்டியவன் நான். பரீட்சை முடிந்த பிறகும் அவன் அதைக் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. அன்று சாயங்காலம் மகன் வேலையிலிருந்து வந்ததும் கோலத்தைக் காட்டி, “உன் பெண் கண்டுபிடித்ததைப் பாரடா” என்றேன். இரண்டு மாதத்துக்குப் பிறகு நானாகப் போய்ப் பேசிய முதல் பேச்சு அது.