அயலார் செவியில் விழுந்த தமிழ்

தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் இயற்றிய பழைய இலக்கண நூல்கள் எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி எனத் துறைதோறும் நுட்பமாக விரிந்தாலும், சந்தையிலும் வயலிலும் அடுப்பங்கரையிலும் மக்கள் பேசிய மொழி எவ்வாறு ஒலித்தது என்பதை அவை பெரும்பாலும் பதிவு செய்யவில்லை. கல்வெட்டுகளில் அங்கங்கே சிதறிக் கிடக்கும் பேச்சு வடிவங்களை விட்டால், அன்றாடப் பேச்சைக் கேட்டு, பிரித்து, விதி கூறி எழுதிவைக்கும் தேவை அதைப் பிறப்பிலேயே அறிந்திராத ஒருவருக்கே முதலில் எழுந்தது. 16ஆம் நூற்றாண்டு முதல் முத்துக்குளித்துறையிலும் சோழமண்டலக் கரையிலும் வந்து இறங்கிய ஐரோப்பியப் பாதிரிமாரும் பின்னர் வந்த கிழக்கிந்தியக் கும்பினி அலுவலரும் தமிழைக் கற்ற வரலாறு, இக்காரணத்தால், தமிழ்ப் பேச்சு வழக்கின் வரலாற்றோடும் பின்னிக் கிடக்கிறது.

தொடக்கத்தில் அவர்கள் மொழியைக் கற்கவில்லை. மொழி தெரிந்தவரை அமர்த்திக்கொண்டார்கள். இரு மொழி அறிந்தவர் என்ற பொருளுடைய ‘த்விபாஷி’ என்னும் வடசொல்லிலிருந்து பிறந்த ‘துபாசி’ என்ற பெயர், கடற்கரைப் பட்டினங்களில் ஒரு தொழிலின் பெயராகவே நிலைத்தது. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், தம் தாய்மொழி பாஸ்கு என்றும் அம்மக்களின் மொழி ‘மலபார்’ என்றும், ஆகவே ஒருவர் பேச்சு மற்றவருக்கு விளங்கவில்லை என்றும் தம் கடிதத்தில் குறித்துள்ளார். மலபார் மொழி என்று அக்கால ஐரோப்பியர் பொதுவாகச் சுட்டியது தமிழையே. இரு மொழியும் தெரிந்த சிலரைக் கொண்டு செபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து, அவற்றை மனப்பாடம் செய்து, தெருவில் மணியடித்துக் கூட்டிய சிறுவர்களுக்கு ஒப்புவித்ததே அவர் கைக்கொண்ட வழி. அது ஒப்புவிப்பே அன்றிப் பேச்சு ஆகாது. கேட்டவர் திருப்பி ஒரு கேள்வி கேட்டால் துபாசியின் துணை மீண்டும் வேண்டியிருந்தது.

அந்தத் துணையை உதறியவர் அவருக்குப் பின் வந்த போர்த்துக்கீசியரான அன்றீக்கு அன்றீக்கசு. பரதவ மக்களிடையே வாழ்ந்து அவர்கள் பேச்சைப் பழகிய இவர், 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் நூலால் இன்று அறியப்படுகிறார். ஆயினும் இங்கே அதனினும் கருதத்தக்கது, 1549 வாக்கில் அவர் போர்த்துக்கீசிய மொழியில் எழுதத் தொடங்கிய தமிழ் இலக்கணக் கையெழுத்துப்படி. ஐரோப்பிய மொழியொன்றில் எழுதப்பெற்று இன்று கிடைக்கும் தமிழ் இலக்கணங்களுள் மிகப் பழையது இதுவே. தாம் அறிந்த லத்தீன் இலக்கணச் சட்டகத்துக்குள் தமிழின் வேற்றுமைகளையும் வினைமுற்றுகளையும் அடைக்க முயன்றதால் அது பல இடங்களில் இடறுகிறது. ஆனால் அவர் எடுத்துக்காட்டும் சொற்கள் நன்னூல் வழியாக வந்தவை அல்ல. கரையில் வலை உலர்த்தியவர்கள் வாயிலிருந்து வந்தவை. மரபிலக்கணம் அறிந்த ஒரு புலவர் ‘வழு’ என்று ஒதுக்கியிருக்கக்கூடிய வடிவங்களை, வழுவென்று அறியாத காரணத்தாலேயே அவர் எழுதிவைத்தார்.

தமிழ் கற்ற ஐரோப்பியருள் கற்கும் முறையைப் பற்றி மிகத் தெளிவாக எழுதிவைத்தவர் செருமானியரான பர்த்தலோமேயு சீகன்பால்கு. டேனியர் ஆட்சியில் இருந்த தரங்கம்பாடியில் 1706ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் அவரும் புளுட்சோவும் வந்து இறங்கினர். உள்ளூர் வாத்தியார் ஒருவரை அமர்த்தி, அவருடைய திண்ணைப் பள்ளியைத் தம் வீட்டிலேயே நடத்தச் செய்து, சிறுவர்களோடு தாமும் தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுத்துகளை எழுதிப் பழகினர். வளர்ந்த கல்விமான் ஒருவர் அரிச்சுவடி வகுப்பில் அமர்வது எளிய செயலன்று. அந்தப் பணிவே அவர் பெற்ற முதல் பாடம் எனலாம். எனினும் வாத்தியாருக்கு ஐரோப்பிய மொழி எதுவும் தெரியாததால், எழுத்து கைவந்தும் பொருள் விளங்கவில்லை. போர்த்துக்கீசியம் உள்ளிட்ட சில ஐரோப்பிய மொழிகளை அறிந்திருந்த அழகப்பன் என்ற துபாசி வந்த பிறகே சொல்லும் பொருளும் கூடின.

இரண்டு ஆண்டுகளுக்குள் சீகன்பால்கு வகுத்துக்கொண்ட நாள்முறை வியக்கத்தக்கது. காலையில் முதலில் முன்பு கற்ற சொற்களையும் தொடர்களையும் மீளச் சொல்லிப் பார்ப்பார்; அதன்பின் நண்பகல்வரை, முதிய புலவர் ஒருவரும் ஏடெழுதுவோர் ஒருவரும் உடனிருக்க, தாம் அதுவரை படித்திராத தமிழ் நூல்களைப் படிப்பார்; புதிய சொல்லோ சொல்லும் முறையோ வரும்போதெல்லாம் எழுதுவோர் அதைக் குறித்துக்கொள்வார்; பிற்பகலிலும் படிப்புத் தொடரும்; இரவில், கண்ணுக்கு ஓய்வு வேண்டி, பிறர் படிக்க அவர் கேட்பார். கண்ணை விட்டுச் செவிக்கு மாறும் அந்த இரவு வேளையே அவருடைய தமிழுக்கு ஓட்டத்தைத் தந்திருக்க வேண்டும். அவ்வாறு திரட்டிய சொற்களை அவர் ஒரே அகராதியாக்காமல் உரைநடை வழக்குக்கு ஒன்றும் செய்யுள் வழக்குக்கு ஒன்றும் என இரண்டாகப் பிரித்தார். கற்பது ஒரு மொழியன்று, ஒரு பெயரில் வழங்கும் இரண்டு என்பதை அவர் விரைவிலேயே கண்டுகொண்டார் என்பதற்கு இந்தப் பிரிப்பே சான்று. 1716இல் செருமனியின் ஹால்லே நகரில் அவருடைய தமிழ் இலக்கணம் லத்தீன் மொழியில் அச்சேறியது. மூன்று ஆண்டுகள் கழித்து, நாற்பதைக் காணாத வயதிலேயே அவர் தரங்கம்பாடியில் மறைந்தார்.

இந்த இரட்டை வழக்கை இலக்கண நிலையிலேயே வகுத்துக் காட்டியவர், வீரமாமுனிவர் என்று தமிழர் போற்றும் இத்தாலியரான பெஸ்கி. பழைய இலக்கணிகள் ‘கொடுந்தமிழ்’ என்ற சொல்லால் செந்தமிழ் நிலத்துக்குப் புறத்தே வழங்கிய வட்டார வழக்குகளைக் குறித்தனர். பெஸ்கி அச்சொல்லைப் பொதுமக்களின் அன்றாட வழக்குக்கு ஏற்றி, அதற்கென ஓர் இலக்கணத்தை லத்தீனில் எழுதினார். அது 1738இல் தரங்கம்பாடியில் அச்சாயிற்று. செந்தமிழுக்கு அவர் எழுதிய இலக்கணம் தனி நூலாக நின்றது. காப்பியம் பாடும் அளவுக்குச் செந்தமிழில் தோய்ந்த ஒருவர், புதிதாக வரும் பாதிரிமாருக்கு முதலில் கொடுந்தமிழையே கற்பித்தார் என்பது எண்ணத்தக்கது. நாட்டுப்புற நகைச்சுவை ததும்பும் அவருடைய ‘பரமார்த்த குருவின் கதை’யும் இத்தேவைக்குப் பொருந்திய நூலே. 1822இல் லண்டனில் பாபிங்டன் என்பவர் அதனை ஆங்கில மொழிபெயர்ப்போடும் சொற்பட்டியலோடும் வெளியிட்டபோது, அது மொழிகற்போர் கையில் ஒரு பாடநூலாகவே அமைந்தது.

19ஆம் நூற்றாண்டில் மொழிக்கல்வி தனியார் முயற்சி என்ற நிலை மாறி அரசின் ஏற்பாடு ஆயிற்று. 1812இல் சென்னையில், எல்லிஸ் என்னும் அதிகாரியின் முயற்சியால், புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி தொடங்கப்பெற்றது. இங்கிலாந்திலிருந்து வந்த இளம் கும்பினி அலுவலர், மாவட்டங்களுக்குச் செல்லுமுன் தென்னிந்திய மொழிகளை இங்கே முன்ஷிகளிடம், அதாவது மொழியாசிரியரிடம், கற்றுத் தேர்வு எழுதினர். தேர்ச்சிக்கேற்பப் படித்தொகை உயர்ந்தது. தென்னிந்திய மொழிகள் வடமொழியிலிருந்து பிறந்தவையல்ல, தமக்குள் ஓரினமானவை என்ற கருத்தை எல்லிஸ் 1816இல் வெளியிட்டதற்கு, பல மொழிப் புலவர்கள் ஒரே வளாகத்தில் கூடிப் பணிசெய்த இக்கல்லூரியின் சூழலும் ஒரு காரணம். ஆயினும் காசுக்காகவும் பதவிக்காகவும் கற்ற மொழி, வழக்கு விசாரணைக்கும் வரி வசூலுக்கும் போதுமான அளவில் நின்றுவிடுவது இயல்பு; நூற்றுக்கணக்கில் வந்தவருள் தமிழில் தோய்ந்தவர் சிலரே.

கல்லூரியின் உண்மையான செல்வம் அங்கே கற்பித்தவர்கள். தாண்டவராய முதலியார், வீரமாமுனிவர் வரலாற்றை எழுதிய முத்துசாமிப் பிள்ளை ஆகியோர் அதனைச் சேர்ந்தவர்கள். கல்லூரிக்கு வெளியே, துரு பாதிரியார் 1840இல் திருக்குறளைப் பதிப்பித்தபோது உடனிருந்தவர் இராமாநுச கவிராயர். இவர்கள் பெயர்களேனும் நிலைத்தன. அன்றீக்கசுக்கு வினைமுற்று சொல்லித்தந்தவரும், சீகன்பால்குக்கு மணலில் எழுத்துப் பிடித்துக்கொடுத்தவரும் நூல்களின் முகப்பில் இடம்பெறவில்லை. கற்றவனின் இலக்கணம் என்று இன்று வழங்குபவை, ஆசிரியன் வாய்மொழியைக் கற்றவன் எழுதிக்கொண்ட குறிப்புகளே என்பதை மறப்பது பெரும் அநீதி.

அத்தகைய குறிப்புகளின் அருமைக்கு அந்தாம் தெ புரோயன்சா என்னும் பாதிரியார் தொகுத்த தமிழ்–போர்த்துக்கீசிய அகராதி நல்ல சான்று. தொகுத்தவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பின் 1679இல் கேரளத்து அம்பலக்காட்டில் அச்சான அது, புதிதாக வரும் பாதிரிமார் பேசப் பழகுவதற்கென உருவானது. அதனால் இலக்கியச் சொற்களோடு 17ஆம் நூற்றாண்டின் பேச்சு வழக்குச் சொற்களும் அதில் மிகுதியாக ஏறின. காலப்போக்கில் தமிழ்நாட்டில் அதன் படி ஒன்றுகூட எஞ்சவில்லை. 1954இல் தனிநாயக அடிகள் ரோமில் வத்திக்கான் நூலகத்தில் ஒரு படியைக் கண்டறிந்தார். 1966இல் மலாயாப் பல்கலைக்கழகம் அதன் நிழற்படிப் பதிப்பை வெளியிட்டது. அயலாருக்குத் தமிழ் கற்பிக்க எழுந்த அந்நூலைத் தமிழர் கையில் எடுத்து, தம் முன்னோர் எப்படிப் பேசினர் என்று தேடிப் பார்க்கத் தொடங்கியது அதன் பின்னரே.