நிலா வெளிச்சமும் கடைசி பஸ்ஸும்

மலர்க் குழுவில் இருக்கும் அண்ணாச்சி ஒருவர் போன் செய்து, "டே, நீ இன்ஜினியர்தானே, கம்ப்யூட்டர் பத்தி சரித்திரமா எதாவது எழுதிக் குடு, ரெண்டு பக்கம் போதும்" என்றார். கம்ப்யூட்டரின் சரித்திரம் இரண்டு பக்கத்தில் அடங்குமா? ஆகவே கம்ப்யூட்டர் பைத்தியங்கள் கூடி உட்கார்ந்து பேசிய பேச்சின் சரித்திரத்தை எழுதுகிறேன். பேச்சு என்றால் என்ன என்று நம் ஊர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்தப் பழக்கம் கம்ப்யூட்டருக்கு முந்தியது. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பக்கம் சில நண்பர்கள் மாதம் ஒருமுறை சாப்பாட்டுக்குக் கூடினார்கள். பௌர்ணமியை ஒட்டி வரும் திங்கட்கிழமைதான் வழக்கமான நாள். தெருவிளக்கு இல்லாத காலம். வீடு திரும்ப நிலா வெளிச்சம் வேண்டும், அவ்வளவுதான் காரணம். சந்திரக் கழகம் என்றே பெயர். நீராவி இயந்திரத்தைச் சீர்படுத்திய ஜேம்ஸ் வாட், அவருடைய கூட்டாளி போல்டன், பீங்கான் செய்த வெட்ஜ்வுட், ஆக்சிஜன் ஆராய்ச்சி செய்த பிரீஸ்ட்லி, பிற்பாடு பரிணாமக் கொள்கை சொன்ன டார்வினின் தாத்தா என்று பலரும் அந்த வட்டத்தில் இருந்தார்கள். தலைப்பு கிடையாது, தலைவர் உரை கிடையாது.

இனி நேராக அமெரிக்காவுக்கு. 1975 மார்ச் 5, மழை பெய்த இரவு. கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் கோர்டன் ஃபிரெஞ்ச் என்பவரின் கார் ஷெட்டில் முப்பது பேர் போலக் கூடினார்கள். ஆல்டேர் 8800 என்ற கம்ப்யூட்டரை வீட்டில் இருந்தே பூட்டிக்கொள்ளலாம் என்று அந்த ஜனவரியில் ஒரு பத்திரிகை அட்டையில் செய்தி வந்திருந்தது. அதைப் பார்க்கத்தான் கூட்டம். 'ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப்' பிறந்தது அன்றுதான்.

அன்றைக்கு வந்தவர்களில் ஹியூலெட் பேக்கர்டில் கால்குலேட்டர் வடிவமைத்துக்கொண்டிருந்த ஒரு கூச்சக்காரரும் இருந்தார். டி.வி. டெர்மினல் பற்றிய கூட்டம் என்று நண்பர் சொன்னதை நம்பி வந்தவர். வந்து பார்த்தால் எல்லோரும் மைக்ரோப்ராசஸர் பற்றிப் பேசுகிறார்கள். இவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஏன் வந்தோம் என்று ஆகிவிட்டது. ஆனாலும் அங்கே கொடுத்த ஒரு சில்லின் விவரத்தாளை வீட்டுக்கு எடுத்துப் போய் இரவு படித்தார். பொறி தட்டியது. அவர்தான் ஸ்டீவ் வோஸ்னியாக். 1976-இல் வந்த ஆப்பிள் ஒன்றின் சர்க்யூட் படத்தை அதே கிளப்பில் நகலெடுத்து இலவசமாகக் கொடுத்தார்.

பிற்பாடு கூட்டம் பெருகி ஸ்டான்ஃபோர்டின் ஒரு பெரிய அரங்குக்குப் போனது. லீ ஃபெல்சென்ஸ்டீன் ஒரு கோலைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்களைச் சுட்டுவார். அவரவர் எழுந்து தனக்கு என்ன தெரியும், என்ன வேண்டும் என்று சொல்லலாம். அடுத்த பகுதிக்கு 'ரேண்டம் ஆக்சஸ்' என்று பெயர். யார் யாரோடு வேண்டுமானாலும் போய்ப் பேசலாம். பொருட்கள் கை மாறியதும் கூட்டு சேர்ந்ததும் அந்த நேரத்தில்தான். பில் கேட்ஸ் தம் பேசிக் மென்பொருளை எல்லோரும் ஓசியில் நகலெடுக்கிறார்கள் என்று 1976-இல் கோபக் கடிதம் எழுதியதும் இந்த மாதிரி ஆட்களைப் பார்த்துத்தான். 1986 டிசம்பரோடு கிளப் முடிந்தது.

நம் பக்கத்துக்கு வருவோம். 1998 ஜனவரி முதல் சென்னையில் லினக்ஸ் பயன்படுத்துவோர் குழு ஒன்று இயங்கி வருகிறது. அப்போதெல்லாம் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை ஐ.ஐ.டி.யில், கஜேந்திரா சர்க்கிள் அருகே ஏரோஸ்பேஸ் கட்டட வகுப்பறையில் கூடினார்கள். வேலைக்குச் சென்னை போன புதிதில் நானும் போனேன். மூன்று மாதம் வாய் திறக்கவில்லை. முதலில் திறந்தபோது பக்கத்தில் இருந்தவர், "நீங்க மலையாளியா?" என்றார். நம்மில் இதைக் கேட்காதவர் யார்?

நான்காம் மாதம், கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போதுதான் துணிந்து கேட்டேன். தமிழ் பி.டி.எஃப். கோப்பிலிருந்து எடுத்து ஒட்டினால் கொம்பு ஏன் இடம் மாறி விழுகிறது? வயதில் மூத்த ஒருவர் விளக்கினார். யூனிகோடில் 'கெ' என்பதில் ககரம் முதலில், கொம்பு பிறகு சேமிக்கப்படுகிறது. திரையில் வரையும்போது மென்பொருள் கொம்பை முன்னால் தூக்கி வைக்கிறது. பழைய டாம், டாப் எழுத்துருக்களிலோ கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே சேமித்தார்கள். பி.டி.எஃப்.பில் பெரும்பாலும் தங்குவது எழுத்தின் உருவம், அதன் வரிசை அல்ல.

அதோடு விட்டாரா? கொம்பிலிருந்து ஓலைச்சுவடிக்குப் போனார். ஓலையில் புள்ளி குத்தினால் கிழியும் என்று பெரும்பாலும் புள்ளியே வைக்காமல் எழுதியதும், எகர ஏகார வேறுபாட்டை எழுத்தில் காட்டிய வீரமாமுனிவரும், பெரியார் சொன்ன சீர்திருத்தத்தை 1978-இல் அரசு ஏற்றதும், 1999 பிப்ரவரியில் சென்னை மாநாட்டுக்குப் பிறகு தமிழ்99 விசைப்பலகை வந்ததும் ஒரே மூச்சில் வந்தன. இரண்டு கிளாஸ் டீ ஆறிப் போனது. பனங்காட்டுப் பக்கத்தில் பிறந்த எனக்கு ஓலையைப் பற்றி அன்றைக்குத்தான் யோசிக்கத் தோன்றியது. வகுப்பறைக்குள் நடந்த உரை என்ன தலைப்பு என்று இப்போது நினைவில்லை.

இதற்கெல்லாம் சென்னை போக வேண்டுமா என்ற ஆதங்கம் எனக்கு உண்டு. நாகர்கோவிலில் சுந்தர ராமசாமி தம் வீட்டில் 'காகங்கள்' என்ற பெயரில் இலக்கியக் கூட்டம் நடத்தினார். ஜவுளிக்கடை நடத்திக்கொண்டே அதைச் செய்தார். கதைக்கும் கவிதைக்கும் அப்படி உட்கார்ந்து பேசத் தெரிந்த ஊர் இது. நம் கல்லூரியில் படித்த பையன்களோ மிஷின் பற்றிப் பேச ஆள் தேடி பெங்களூருக்கு வண்டி ஏறினோம். லேப் நாலு மணிக்குப் பூட்டிவிடும். அதன்பிறகு பேச இடம் கேண்டீன் திண்ணைதான். எங்களுக்கு நிலா அல்ல, கடைசி பஸ்தான் கணக்கு. தக்கலைப் பையன் எழுந்தால் பேச்சு பாதியில் நிற்கும்.

சந்திப்பு நாளன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரத்தை நிகழ்ச்சி எதுவும் போடாமல் காலியாக விடுங்கள், பழைய மாணவர்களும் இப்போது படிக்கிற பிள்ளைகளும் மரத்தடியில் சும்மா பேசட்டும் என்று அண்ணாச்சியிடம் கேட்டிருக்கிறேன்.

"பாப்பம்டே" என்றார். "பாட்டுக் கச்சேரிக்கு ஆள் சொல்லியாச்சு."